மீண்டும் கூடு பாயும் சைபர்பங்க்

சாத்தனூர் மேய்ச்சல் வெளியில் மாடுகள் கண்ணீர் விட்டு நின்றனவாம். அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த மூலன் செத்துக் கிடக்கிறான். காவிரிக் கரையோரம் வந்த யோகி ஒருவருக்கு அந்த வாயில்லா ஜீவன்களின் தவிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் உடலை ஓரிடத்தில் பத்திரமாக மறைத்து வைத்துவிட்டு, மூலனின் உடலுக்குள் புகுந்து எழுந்தார். மாலையில் மாடுகள் வீடு சேர்ந்தன. மூலனின் மனைவி ஓடி வந்தாள். வந்திருப்பவர் அவளைத் தொடக்கூட விடவில்லை. புருஷன் முகம்தான், குரலும் அதேதான், உள்ளே இருப்பது யார் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. யோகி திரும்பிப் போய்ப் பார்த்தால், மறைத்து வைத்த இடத்தில் அவருடைய சொந்த உடலைக் காணோம். கிடைத்த உடலோடு திருவாவடுதுறையில் அமர்ந்தார். மூலன் உடம்பில் இருந்ததால் திருமூலர் ஆனார், திருமந்திரம் பாடினார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதை இது.

1995 நவம்பரில் ஜப்பானில் வெளியான ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ அனிமே படத்தின் நாயகி மோட்டோகோ குசனாகிக்கும் ஏறக்குறைய இதே சிக்கல். கதை நடப்பது 2029-ல். அவள் உடல் முழுக்கச் செயற்கை. மூளையில் கொஞ்சம்தான் பழைய மனுஷி. காவல் துறையின் சிறப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். படகில் உட்கார்ந்து சக அதிகாரி பாட்டோவோடு பேசும் காட்சியில் ஒரு விஷயம் சாதாரணமாக வந்துபோகும்: வேலையை விட்டால் அரசு கொடுத்த உடலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படம் முடியும்போது அந்த உடல் சிதைந்துவிடுகிறது. அவளுடைய மூளையை எடுத்து, கிடைத்த ஒரு சிறுமியின் செயற்கை உடலில் பொருத்துகிறான் பாட்டோ. அவளை இத்தனை தூரம் இழுத்துவந்த கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு அந்தப் படத்தில் பெயர் ‘பொம்மலாட்டக்காரன்’.

உடனே ‘பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர்கள் அப்போதே சொன்னது’ என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது ஆர்தர் கோஸ்லர் 1967-ல் எழுதிய ‘தி கோஸ்ட் இன் தி மெஷின்’. திருமந்திரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு கதைகளுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. மூலனின் உடலுக்குத் திருமூலர் யாருக்கும் வாடகை கட்டவில்லை. குசனாகியின் உடலுக்கு முதலாளி உண்டு, பராமரிப்புச் செலவு உண்டு, திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. சைபர்பங்க் என்ற கதைவகை குடியிருப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

அந்தக் கதைவகை இப்போது அனிமேயில் மறுபடி தலைதூக்குகிறது. காவிரி டெல்டாக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

பெயரில் தொடங்கலாம். ‘சைபர்பங்க்’ என்ற சொல்லை ஒரு சிறுகதைக்குத் தலைப்பாக வைத்தவர் புரூஸ் பெத்கி என்ற அமெரிக்கர். கதை அச்சானது 1983-ல். அதற்கு முந்தைய ஆண்டே ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ திரைக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டு வில்லியம் கிப்சனின் ‘நியூரோமேன்சர்’ நாவல் வந்தது. உயர்ந்த தொழில்நுட்பம், தாழ்ந்த வாழ்வு. இந்த வகையை விளக்க இதைவிடச் சுருக்கமான சொற்கள் இல்லை. ஊரெல்லாம் கம்ப்யூட்டர், நடுவில் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒருவன். ஆட்சி என்னவோ அரசாங்கத்தின் பெயரில். பிடியெல்லாம் கம்பெனிகளின் கையில்.

ஜப்பானில் இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனவர் கட்சுஹிரோ ஒடோமோ. 1982-ல் ‘யங் மேகசின்’ இதழில் அவர் தொடங்கிய ‘அகிரா’ படக்கதை, 1988 ஜூலையில் அவர் இயக்கத்திலேயே படமானது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செல் தாள்கள், கையால் தீட்டியவை. முதலில் வசனத்தைப் பதிவு செய்து, பிறகு அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். அன்றைய ஜப்பானில் அது வழக்கமில்லை. கதை நடக்கும் ஆண்டு 2019. நியோ டோக்கியோ, 2020 ஒலிம்பிக்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது! பின்னாளில் நிஜ டோக்கியோவுக்கே 2020 ஒலிம்பிக்ஸ் கிடைத்ததும், கொரோனாவால் அது ஓராண்டு தள்ளிப்போனதும் ஊரறிந்த தற்செயல்.

அகிராவுக்குப் பிறகு வரிசை கட்டி வந்தன. 1998-ல் வந்த 13 பகுதித் தொடரான ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’, இணையத்துக்குள் மெல்லக் கரைந்துபோகும் ஒரு பள்ளிச் சிறுமியின் கதை. இன்றைக்குப் பார்த்தாலும் முதுகுத்தண்டு சில்லிடும். அடுத்த ஆண்டு ஹாலிவுட்டில் ‘மேட்ரிக்ஸ்’ வந்தது. குசனாகிக்குப் பட்ட கடனை அதன் இயக்குநர்கள் மறைக்கவேயில்லை. 2002-ல் குசனாகி தொலைக்காட்சித் தொடராகத் திரும்பினாள். 2006-ல் ‘எர்கோ ப்ராக்ஸி’. அதன்பின் காற்று இறங்கியது. பள்ளிக்கூடக் கதைகளும், வேற்றுலகில் போய் மறுபிறவி எடுக்கும் கதைகளும் அந்த இடத்தைப் பிடித்தன. ஸ்மார்ட்போன் சட்டைப்பைக்குள் வந்த பிறகு, எதிர்காலம் என்று சொல்லிப் பயமுறுத்த அவ்வளவாக மிச்சமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுவில் 2012-ல் ‘சைக்கோ பாஸ்’ மட்டும் தனியாக நின்றது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசலாம். அதற்கு ஒரு நெல் கொள்முதல் நிலையம் தேவைப்படுகிறது.

வாஷிங் மெஷினுக்கு மாதத் தவணை

திருப்பம் 2022 செப்டம்பரில் வந்தது. ‘சைபர்பங்க் 2077’ என்ற வீடியோ கேம், 2020 டிசம்பரில் ஏகப்பட்ட கோளாறுகளோடு வெளியாகி மானத்தை வாங்கியிருந்தது. சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அந்த விளையாட்டின் உலகத்தை வைத்து ஜப்பானின் ஸ்டூடியோ டிரிக்கர், ஹிரோயுகி இமைஷி இயக்கத்தில், நெட்ஃபிளிக்ஸுக்காகப் பத்தே பகுதிகளில் ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ தொடரை எடுத்தது. தொடர் வந்த சில நாட்களில் அந்தப் பழைய விளையாட்டை நாளொன்றுக்குப் பத்து லட்சம் பேர் ஆடத் தொடங்கினார்கள். 2023-ல் கிரஞ்சிரோல் விருதுகளில் ஆண்டின் சிறந்த அனிமே அதுதான்.

தொடரின் நாயகன் டேவிட் மார்டினெஸ் ஏழை வீட்டுப் பையன், பணக்காரப் பள்ளியில் படிக்கிறான். முதல் பகுதியில் அவன் வீட்டு வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. பழுது ஒன்றுமில்லை, கட்டணம் கட்டவில்லை, அவ்வளவுதான். பிறகு தாயும் மகனும் சாலையில் ஒரு துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சிக்கி விபத்தில் விழுகிறார்கள். மருத்துவக் கம்பெனியின் வாகனம் வானிலிருந்து இறங்குகிறது. இவர்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நியான் விளக்குகளையும் பறக்கும் வண்டிகளையும் கழித்துவிட்டுப் பாருங்கள். காப்பீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியார் மருத்துவமனை வரவேற்பறையில் நின்றவர் யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்த வெற்றிக்குப் பிறகு பழைய பெயர்களெல்லாம் தூசி தட்டப்படுகின்றன. எட்ஜ்ரன்னர்ஸின் இரண்டாம் தொடர் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ‘கௌபாய் பீபாப்’ எடுத்த ஷினிசிரோ வதனாபே அதே ஆண்டு ‘லாசரஸ்’ தொடரோடு வந்தார். சயின்ஸ் சாரு ஸ்டூடியோ புதிய ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ தொடருக்கு 2026 ஜூலையைக் குறித்தது. ‘அகிரா’வுக்குப் புதிய அனிமே வரும் என்று 2019-லேயே சொன்னார்கள்.

இந்தப் பட்டியலை மறுமலர்ச்சி என்று கொண்டாடுவதில் ஒரு தயக்கமும் இருக்கிறது. லாசரஸ் நீங்கலாக மற்ற எல்லாம் ஏற்கெனவே விலைபோன சரக்கு. கம்பெனிகளின் பிடியைத் திட்டிப் பிறந்த கதைவகை, இன்று கம்பெனிகளின் கையில் பத்திரமான முதலீடாகிவிட்டது. பழைய ஆவி, புதிய கூடு. அந்தக் கூட்டின் பட்டா யார் பெயரில் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தீவுக்காரர் எழுதிய இயந்திர நாய்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கல்லணை வரை நீள்கிறது ஸ்ரீரங்கத் தீவு. டெல்டாவின் தலைவாசல் அது. அங்கே பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன் என்ற பையன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும், பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். மிச்ச நேரத்தில் சுஜாதா என்ற பெயரில் எழுதினார்.

எழுபதுகளில் வந்த அவருடைய ‘சொர்க்கத் தீவு’ நாவலிலேயே, இயந்திரத்தின் சொல்படி வாழும் மனிதர்கள் வந்துவிட்டார்கள். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ இன்னும் ஒருபடி மேலே போனது. காலம், அன்றைக்கு எட்டாத தூரத்தில் தெரிந்த 2020-கள். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். மக்களின் பெயர்களுக்கு இரண்டே எழுத்து. குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபியைத் தொலைத்துவிட்டு அலையும் நிலாவுக்குத் துணையாக வருகிறது ஜீனோ, ஓர் இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும், போகப் போகத் தானாகவே யோசிக்க ஆரம்பிக்கும். கடைசியில் தெரியவருகிறது: நாடே நடுங்கும் ஜீவா ஓர் ஆளே இல்லை, ஹோலோகிராம். ஒளியால் ஆன உருவத்தை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் வேறு யாரோ ஆள்கிறார்கள். தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவே ராணி, ஆட்டுவிக்கும் கைகள் அப்போதும் வேறு இடத்தில்.

இந்தக் கதையை யாரும் அன்று சைபர்பங்க் என்று சொல்லவில்லை. சுஜாதாவே சொன்னாரா என்பதும் முக்கியமில்லை. ஜப்பானில் ‘அகிரா’ இதழில் ஓடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுக்குள், டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கைமாறிய ஒரு தமிழ் வார இதழில், பொம்மலாட்டக்காரன் கதை ஓடிக்கொண்டிருந்தது. ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ படக்கதையை மசமுனே ஷிரோ தொடங்கியது 1989-ல்தான்.

சுஜாதாவுக்குப் பிறகு டெல்டாவின் ஊர்ப்பெயரைத் தன் பெயரிலேயே சுமக்கும் ஆரூர் தமிழ்நாடன், 1996-ல் ‘ஜூகிபா’ என்ற ரோபோ கதையை எழுதினார். 2010-ல் ‘எந்திரன்’ வந்தபின் அந்தக் கதைக்காக அவர் நீதிமன்றப் படி ஏறியது தனிக்கதை. 2024 ஜூனில் வெளியான ‘கல்கி 2898 கி.பி.’ படத்தில் கங்கை வறண்டுகிடக்கிறது, காசி கடைசி நகரமாக மிஞ்சுகிறது, மேலே வசதிக்காரர்களின் ‘காம்ப்ளெக்ஸ்’ தொங்குகிறது. அதில் பேசும் காரான புஜ்ஜியை நிஜமாகவே உருவாக்கியதில் கோயம்புத்தூருக்குப் பங்கு உண்டு. படத்துக்கு முன்னோட்டமாக ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்ற குட்டி அனிமேஷனும் வந்தது. இந்திய சைபர்பங்க் அனிமேஷனுக்கு மிக அருகில் வந்த முயற்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அது ஒரு விளம்பரத் துணுக்குதான்.

குரல் யாருடையது?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், சுஜாதா எழுதியதெல்லாம் குறைச்சலோ என்று தோன்றும்.

அந்த மாதம் 23-ம் தேதி. மன்னார்குடிப் பக்கத்துக்காரரான டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீடு. மேடையின் பெரிய திரையில் கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டோடு மு. கருணாநிதி தோன்றி வாழ்த்திப் பேசினார். திருக்குவளையில் பிறந்த அந்தத் தலைவர் மறைந்து அப்போது ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவில் செய்தவை. அடுத்த மாதம் 24-ம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்த நாளில், அவருடைய குரலிலும் கட்சித் தொண்டர்களுக்கு ஓர் உரை வந்தது. அதுவும் அதே தொழில்நுட்பம்தான். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரு மாத இடைவெளியில் ஜீவாவின் கதவைத் திறந்து பார்த்துவிட்டன.

அதே ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், 1997-ல் மறைந்த ஷாகுல் ஹமீதையும் 2022-ல் மறைந்த பம்பா பாக்யாவையும் மறுபடி பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும், உரிய தொகை கொடுத்ததாகவும் அவரே தெரிவித்தார். அந்த மாதம் 25-ம் தேதி மறைந்த பாடகி பவதாரிணியின் குரல், சில மாதங்களில் ‘கோட்’ படப் பாடலில் ஒலித்தது. கேட்டவர்கள் பலர் அழுதார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டுமே நியாயம்தான். மூலனின் மனைவி நின்ற இடம் அது. முகமும் குரலும் தெரிந்தவை, உள்ளே யார்?

ரஹ்மான் அனுமதி கேட்டார், காசும் கொடுத்தார். கேட்காதவர்களை என்ன செய்வது? 2025 மார்ச்சில் ஊரே குடும்பப் போட்டோக்களை ‘ஜிப்ளி’ பாணியில் மாற்றிப் போட்டுக் குதூகலித்தது. பெரிய கோயில் விமானத்தின் முன்னால் எடுத்த கல்யாணப் படங்கள்கூட மியாசாகி வரைந்தவைபோல வாட்ஸ்அப்பில் சுற்றின. அந்தப் பாணிக்குச் சொந்தக்காரரான ஹயாவோ மியாசாகி, 2016-ல் ஒரு கணினிக் குழு கொண்டுவந்து காட்டிய செயற்கை நுண்ணறிவு அசைவுப்படத்தைப் பார்த்து, இது உயிருக்கே அவமானம் என்ற பொருளில் முகத்துக்கு நேராகச் சொன்னவர். அவருடைய கைவாகை ஊரெல்லாம் இலவசமாக எடுத்துக்கொண்டது. அதில் டெல்டாவும் அடக்கம்.

பதினேழும் நூறும்

‘சைக்கோ பாஸ்’ பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். அந்தத் தொடரில் சிபில் என்ற அமைப்பு ஒவ்வொரு குடிமகனின் மனத்தையும் அளந்து எண்ணாக்கி வைத்திருக்கிறது. காவலரின் துப்பாக்கியை ஒருவர்மீது நீட்டினால் அவருடைய குற்ற எண் தெரியும். நூறுக்குக் கீழே என்றால் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். நூறைத் தாண்டினால் சுடலாம். அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று கருவி கேட்காது.

குறுவை அறுவடையும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும் அக்டோபரில், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கைப்பிடி நெல்லைப் போட்டால் ஈரப்பதம் எண்ணாகத் தெரியும். விதிப்படி வரம்பு 17 சதவீதம். தாண்டினால் எடை போட மாட்டார்கள். மழைக்காலத்தில் 22 வரை தளர்த்துங்கள் என்று விவசாயிகள் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும், அதற்குள் சாலையோரக் குவியலில் நெல் முளைவிடுவதும் பழகிப்போன காட்சிகள். 2022-ல் 19 வரை தளர்த்தினார்கள். எந்த வயலில், எந்த மழையில், யார் கடனில் விளைந்த நெல் என்று அந்தக் கருவியும் கேட்காது.

ரேஷன் கடை இன்னொரு காட்சி. 2020-ல் விரல்ரேகைக் கருவி வந்தபோது, நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் ரேகை தேய்ந்துபோன விரல்களை அது அடையாளம் காண மறுத்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கிழவி, கருவிக்குத் தெரியாதவளாகக் கடை வாசலில் நின்றாள். பிற்பாடு கருவிழியைப் படிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். உடம்பு உழைத்துத் தேய்ந்ததால் அந்த உடம்புக்குரியவரே இல்லை என்றாகிவிடும் இந்த நிலை, எந்த அனிமே எழுத்தாளரும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் காட்சி.

இரவுக் காட்சிக்கும் பஞ்சமில்லை. ‘பிளேடு ரன்னர்’ தொடங்குவதே, இருண்ட நகரத்தின் மேல் ஆலைப் புகைபோக்கிகள் தீக்கக்கும் காட்சியில்தான். நாகை, திருவாரூர் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனவர்கள் வயலுக்கு நடுவே எரியும் எரிவாயுத் தீநாக்கைப் பார்த்திருப்பார்கள். திருமூலர் அமர்ந்த திருவாவடுதுறையிலிருந்து சில கிலோமீட்டரில் குத்தாலம். அங்கே எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் எண்ணெய்க் குழாய் கசிந்து தீப்பற்றியதும், ஊரே திரண்டதும் மறக்கக்கூடியதா? 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. முன்பே இருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் அப்படியே இருக்கின்றன. தலைக்கு மேலே இப்போது மருந்து தெளிக்கும் ட்ரோன் பறக்கிறது. இந்த ட்ரோன் தொழிலில் பேர் வாங்கிய தக்ஷா குழு உருவானது, சுஜாதாவும் அப்துல் கலாமும் படித்த அதே குரோம்பேட்டை வளாகத்தில்.

இதையெல்லாம் வரையத் தமிழில் ஆளில்லாமல் இல்லை. பார்க்கவும் ஆள் இருக்கிறது. ஷின்சானும் டோரேமானும் தமிழ் பேசக் கேட்டு வளர்ந்த தலைமுறை, நருட்டோவையும் தமிழில் பார்த்தது. யூகோ சாகோவின் 1993 ராமாயண அனிமே 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழில் ஓடியது. இல்லாதது, காவிரி நீர் வாடையுள்ள ஒரு சைபர்பங்க் கதைக்குப் பணம் போடத் துணியும் ஒரு தயாரிப்பாளர்தான். அகிராவின் நியோ டோக்கியோவையும் எட்ஜ்ரன்னர்ஸின் நைட் சிட்டியையும் நகலெடுத்து, சென்னைக்கு நடுவே நான்கு நியான் பலகையை மாட்டினால் அது தேறாது. ஈரப்பதக் கருவியின் பச்சை எண்ணிலிருந்து தொடங்கும் கதை தேறும்.

கதையும் தயாராக இருக்கிறது. ஜீனோவைத் தொலைக்காட்சித் தொடராகத் தூர்தர்ஷன் எடுத்துவிட்டது. கணினி வரைகலை கைக்கு எட்டாத அந்தக் காலத்தில் அது செய்ததே பெரிது. ஜீனோ அனிமேஷனாக இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நாவல்களும் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. முதலில் ‘என் இனிய இயந்திரா’, அதன்பின் ‘மீண்டும் ஜீனோ’. வரிசையை மாற்றிப் படித்தால் ஜீவா யார் என்ற சஸ்பென்ஸ் போய்விடும். அதை இந்தக் கட்டுரை ஏற்கெனவே கெடுத்துவிட்டதற்கு மன்னிக்கவும்.